95 பேருக்குச் சோறு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகம் கிடையாது. பட்டச் சான்றிதழ் திருநெல்வேலிக்குப் பக்கத்து அபிஷேகப்பட்டியிலிருந்து வர வேண்டும். அதற்கு முன்னால் மதுரையிலிருந்து வந்தது; அதற்கும் முன்னால் சென்னையிலிருந்து; அதற்கும் முன்னால் திருவனந்தபுரத்திலிருந்து. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது, 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தாத்தா, அப்பா, மகள் மூவரும் ஒரே கல்லூரியில் படித்திருப்பார்கள். மூன்று சான்றிதழிலும் மூன்று முத்திரை இருக்கும். நாகர்கோவிலில் இது அதிசயமே இல்லை.

பல்கலைக்கழகம்தான் இல்லையே தவிர கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி. பொறியியல் கல்லூரிகளை எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். திருவிதாங்கூர் என்று ஒரு நாடு இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்துக் கல்லூரியின் பெயரில் மட்டும் அது இன்னும் ராஜ்ஜியம் நடத்துகிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ரேங்க் வாங்கிய மாணவர்கள் கூடும் சங்கம் ஒன்று இந்த வருஷக் கூட்டத்தை எங்கள் ஊரில் வைத்திருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். வரவேற்புக் குழுவில் என் தங்கை மகள் இருக்கிறாள். 'பாரம்பரியச் சுற்றுலா' என்று அவர்கள் போட்டு வைத்திருந்த தாளைக் காட்டினாள். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், சூரிய அஸ்தமனம், ராத்திரி ஓட்டலில் சாப்பாடு.

"இதுல படிப்பு எங்க மக்கா இருக்கு?" என்றேன்.

"பெரியம்மே, அப்ப நீங்களே ஒண்ணு எழுதித் தாருங்க. நான் எல்லாருக்கும் அனுப்பிருகேன்."

ஆகவே இது உங்களுக்கு. கடலையும் 133 அடிச் சிலையையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். இந்த மண்ணில் படிப்பு எப்படி நடந்தது, யாருக்கு நடந்தது, யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதற்கு மட்டும் வழி சொல்கிறேன்.

முதலில் பார்த்திவபுரத்துக்கு வழி சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து மேற்கே மார்த்தாண்டம் வரைக்கும் பஸ். அங்கிருந்து புதுக்கடை, முஞ்சிறைப் பக்கம் இறங்க வேண்டும். தென்னையும் ரப்பரும் மாறி மாறி வரும். ஓடு போட்ட ஒரு விஷ்ணு கோயில். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஆனால் இந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு படிப்புச் சாலை இருந்தது. இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் அதை நிறுவினான். செப்பேடு நாள்கூடச் சொல்கிறது: கலியுகம் பிறந்து 14,49,087-ஆவது நாள். கணக்குப் போட்டால் கி.பி. 866 வரும். திருவனந்தபுரம் ஹுஜூர் கச்சேரியில், அதாவது திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில், இருந்ததால் ஹுஜூர் அலுவலகச் செப்பேடு என்று அதற்குப் பெயர்.

அரசன் நினைத்த இடத்தில் கொடி நாட்டிவிடவில்லை. நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. வேறு நிலத்தை அவர்களுக்குக் கொடுத்து மாற்றாக இதை வாங்கினான். பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, கோயில் எழுப்பி, முன்பே இருந்த காந்தளூர்ச் சாலையின் நடைமுறைப்படி 95 சட்டர்களுக்குச் சாலை அமைத்தான். சட்டர் என்றால் மாணவர். 95 என்பது இடத்தின் கணக்கு, சோற்றின் கணக்கு. அதற்கென்று வயல்களை எழுதி வைத்தார்கள். வயல் விளைந்தால் உலை கொதிக்கும், உலை கொதித்தால் பாடம் நடக்கும்.

உள்ளே வர என்ன தகுதி? வியாகரணம், அதாவது இலக்கணம், தெரிந்திருக்க வேண்டும், புரோகிதம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று ராஜ்ஜியத்து நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சேர சோழ பாண்டிய நாட்டு வழக்கங்கள் தெரியாதவனுக்கு இடமில்லை என்பது எனக்குப் பிடித்த விதி. எல்லையில் கிடக்கிற ஊருக்கு ஏற்ற விதி. விடுதி ஒழுங்கும் உண்டு. வாய்த்துடுக்காகச் சண்டை போட்டால் பொன்னில் அபராதம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக் கூடாது. பணிப்பெண்களை மடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படியெல்லாம் செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், இதெல்லாம் நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹாஸ்டல் வார்டனாக வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தென்னாட்டு நாலந்தா என்று சிலர் மேடையில் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம். 95 பேரும் வேதம் ஓதும் சாகைகளை, அதாவது வேதக் கிளைகளை, சேர்ந்தவர்கள். அந்த வயலை உழுதவன் பிள்ளைக்கு அந்தச் சாலையில் வேலை இருந்திருக்கலாம், இடம் இல்லை. படிப்பின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை.

காந்தளூர் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் வரலாறு படித்தவர்களுக்கு ராஜராஜன் ஞாபகம் வரும். 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற அவன் மெய்க்கீர்த்தி வரிக்கு, கப்பலை அழித்தான் என்று ஒரு கட்சி, சாலையில் சோறு போடுவதை நிறுத்தினான் என்று இன்னொரு கட்சி, வேறு கட்சிகளும் உண்டு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குழந்தைப் பாட்டுக்காரராக மட்டும் அவரை வைத்திருக்கிறோம். கல்வெட்டுப் படிக்கிற கவிமணி இன்னொரு ஆள். பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கி, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறபோது அவர் பிறந்த தேரூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

பார்த்திவபுரம் போகிற அன்றைக்கே சிதறால் மலைக்கும் ஏறுங்கள். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சமணப் பள்ளி. பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிற்பாடு அது பகவதி கோயிலாகிவிட்டது. மேலே நின்றால் மேற்கே கடல் வரைக்கும் பச்சை. எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். நான் சொல்ல வந்தது கல்வெட்டை. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரர் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இங்கே பொன் நகை கொடுத்திருக்கிறார். ஆசிரியராக மதிக்கப்பட்ட ஒரு பெண், தன் ஆசிரியரின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பார்த்திவபுரத்துச் சாலை எழும்பிய அதே காலத்தை ஒட்டி. இரண்டு ஊருக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. ஒரு இடத்தில் மடத்தில் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது என்று செம்பில் வெட்டுகிறார்கள். இன்னொரு இடத்தில் ஒரு மாணாக்கியின் பெயரைப் பாறையில் வெட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே நாளில் இரண்டையும் பார்க்காமல் இந்த மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது.

போகிற வழியில் அதங்கோடு வரும். தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசான் எங்கள் ஊர்க்காரர்தான் என்று அங்கே உள்ளவர்கள் அடித்துச் சொல்வார்கள். நூல் அரங்கேறும்போது எதிரே உட்கார்ந்து குறை தெரியக் கேட்டவர் அவர். எழுதினவனை விடக் கேள்வி கேட்டவனுக்கு ஊர் வைத்துக் கொண்டாடுவது இங்கேதான் இருக்கும். ரேங்க் ஹோல்டர்களுக்குப் பயன்படும் என்று சொல்லி வைக்கிறேன்.

சாலைகள் என்றைக்கோ அழிந்தன. ஆசான்கள் அழியவில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் வர்ம ஆசான்மார் வீடு இல்லாத ஊரே ஒரு காலத்தில் கிடையாது. அடிமுறை, களரி, எலும்பு முறிவுக்குக் கட்டு, தைலம் காய்ச்சுவது எல்லாம் ஓலைச்சுவடியிலும் கையிலுமாக வந்த படிப்பு. வெற்றிலை பாக்கு தட்சிணை வைத்துத்தான் தொடங்கும். எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்பதைச் சொல்லித் தருவதற்கு முன்னால், விழுந்தவனை எப்படி எழுப்புவது என்பதைக் கற்றிருக்க வேண்டும் என்பார்கள். எல்லாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள். அதுவும் மூடிய கதவுதான், வேறு மாதிரி.

கதவு திறந்த கதைக்கு மயிலாடிக்கு வர வேண்டும். மகாராசன் வேதமாணிக்கம் என்பவர் அழைத்து, ரிங்கல்தௌபே என்ற பிரஷ்ய நாட்டு மிஷனரி 1806-இல் இந்தப் பக்கம் வந்தார். 1809-இல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயிலும் பள்ளியும் எழும்பின. அடுத்து வந்த சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலுக்கு இடம் மாறினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டது ராணி கௌரி பார்வதி பாய். ஆங்கிலப் பள்ளியை நடத்த அவர் கொடுத்த 5,000 ரூபாயில் மிஷன் என்ன வாங்கியது தெரியுமா? வயல். அந்த வயலில் விளைந்த நெல்தான் பள்ளியைத் தாங்கியது. கருநந்தடக்கனுக்கும் ராணிக்கும் நடுவில் சுமார் 950 ஆண்டுகள். வழி ஒன்றுதான்: முதலில் வயல், அப்புறம் வகுப்பு. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் ஒழுங்காக விளைந்தால்தான் கல்யாணமும் கட்டணமும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆனால் இந்த முறை பந்தியில் உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். நாடார், சாம்பவர், ஈழவர் பிள்ளைகள். மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த குடும்பத்துப் பெண்களில் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். இவர்கள் அதற்கு முந்தி, பின்னல் ஊசியால் தங்களை மீட்டுக்கொண்டவர்கள். நாகர்கோவில் லேஸ் என்று பெட்டியில் அழகாக மடித்து விற்பதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படித்த பெண், சாதித் தடையை மீறித் தோளை மூடினாள். அதுதான் 1822-இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம். சந்தையில் துணியைக் கிழித்தார்கள், பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1859 ஜூலையில்தான் அரசு அறிவிப்பு வந்தது, அதுவும் அரைகுறையாக: மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது. மிஷன் மட்டும்தான் கதவைத் திறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்று முத்திரிக் கிணறு வெட்டினார், சேர்ந்து உண்ண வைத்தார், தலைப்பாகை கட்டச் சொன்னார். ஊர் ஊராக எழுந்த நிழல்தாங்கல்களில், அதாவது அய்யாவழி வழிபாட்டு இடங்களில், எழுத்தும் நடந்தது. சாமித்தோப்புக்குப் போனால் உம்பான் சோறு கிடைத்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஓட்டல் விருந்துக்கு இது எவ்வளவோ மேல்.

1893 நாகர்கோவிலுக்கு நல்ல வருஷம். மணிமேடையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது அந்த வருஷம், மிஷன் பள்ளி ஸ்காட் கல்லூரியானதும் அந்த வருஷம். கடிகாரம் மிஷனரி டதி கொடுத்தது. கல்லூரிக்குக் கொடை கொடுத்தவர் இங்கிலாந்தின் செப்டிமஸ் ஸ்காட். ஊருக்கு மணியும் பீரியடும் ஒன்றாக வந்தன என்று எங்கள் வாத்தியார் ஒருவர் சொல்வார். மணிமேடையில் இறங்காமல் நாகர்கோவிலில் எங்கும் போக முடியாது, அதனால் தனியாக வழி சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் ரசவடை கேளுங்கள். தோசைக்கு முந்தி ரசவடை என்பது இங்கே எழுதாத சட்டம்.

சுசீந்திரத்துக்கு எல்லாரும் இசைத் தூணுக்கும் பெரிய அனுமாருக்கும் போவார்கள். நீங்கள் கோயிலுக்குள் போவதற்கு முன்னால் தெருவில் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். 1926-இல் இந்தத் தெருவில் நடக்கத்தான் சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாற்று டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னால் நின்றார். கோயிலுக்குள் போக அல்ல, வெளியே தெருவில் நடக்க. கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12-இல் வந்தது. இடையில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவன்கூட இருந்திருப்பான்.

நாகராஜா கோயிலை விட்டுவிடாதீர்கள். கருவறைக்கு இன்றைக்கும் ஓலைக்கூரைதான், பிரசாதம் புற்றுமண். தூணில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்று சமணர்கள் பெயர் வருகிறது. பாம்புக்குப் பால் ஊற்ற வருகிறவர்கள் அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி வந்தால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. மாவட்டத்துக்கே அன்றைக்கு விடுமுறை, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும்.

நவராத்திரிக்கு முன்னால் வந்தீர்கள் என்றால் அதிர்ஷ்டம். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். இரண்டு மாநிலப் போலீசும் வரிசையாக நின்று மரியாதை செய்யும். குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி, வழியெல்லாம் குத்துவிளக்கும் தட்டுப்பூவும். அந்த சரஸ்வதி கம்பர் வணங்கிச் சேர அரசனிடம் ஒப்படைத்தது என்று கதை. கதை இருக்கட்டும். தலைநகரம் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, 1956-இல் எல்லையும் நடுவில் விழுந்துவிட்டது. படிப்புக்கான சாமி மட்டும் வருஷா வருஷம் எல்லை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. எங்கள் பிள்ளைகள் காலேஜுக்குத் திருவனந்தபுரம் ரயில் ஏறுகிற மாதிரி. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், உங்கள் தாளில் திங்கட்கிழமை போட்டிருந்தார்கள், மாற்றச் சொல்லிவிட்டேன்.

1954 ஆகஸ்ட் 11 பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பார்த்திவபுரத்துக்குப் போகிற வழிதான் புதுக்கடை. அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயரில் கல்லூரி இருப்பதன் காரணம் இதுதான்; பிள்ளைகள் என்.எம்.சி.சி. என்று சுருக்கி, அந்த மனுஷனையே மறந்துவிட்டார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் நாங்கள், 91.75 சதவீதம். வரவேற்புரையில் இதைக் கட்டாயம் சொல்வார்கள், கை தட்டுங்கள். தட்டிவிட்டு, படித்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேளுங்கள். வளைகுடா, பெங்களூர், திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்று பதில் வரும். 95 பேருக்குச் சோறு போட்ட வயல் போன இடத்தில் ரப்பரும் வீட்டுமனையும் நிற்கின்றன. பேச்சிப்பாறை அணை 1906-இலிருந்து தண்ணீர் விடுகிறது, நெல்லுக்குத்தான் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. நானும் என் பங்கு வயலில் வீடு கட்டியிருப்பவள்தான்.

ஏற்பாடு பற்றிக் கடைசியாக. சங்கத்து விதிப்படி ரேங்க் வாங்கியவர்களுக்கு மட்டுமே பஸ்ஸில் இடம் என்றார்கள். வழிகாட்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் கூட வருவார்கள், அவர்களுக்கும் மதியச் சாப்பாடு சேர்த்து எண்ணுங்கள் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். இரண்டு பேருக்கு அரியர் இருக்கிறது. ஒருவன் அடிமுறை படிக்கிறான், ஒருத்தியின் அம்மா இன்னமும் லேஸ் பின்னுகிறாள். சிதறால் மலைக்கு வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும், அதனால் காலை ஆறு மணிக்கே வடசேரி பஸ் நிலையத்தில் நிற்பார்கள். தண்ணீரும் கொஞ்சம் மட்டிப்பழமும் அவர்களே கொண்டுவருவார்கள். பார்த்திவபுரம் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு மார்த்தாண்டத்தில், மரச்சீனியும் மீன்கறியும். மீன் வேண்டாதவர்கள் முந்தின நாளே என் தங்கை மகளிடம் சொல்லிவிடவும்.